மைக்கில் சொன்னது யாரிடம் இருக்கிறது?

2023 ஜூலையில் நியூயார்க் நகரின் வடக்கு ப்ரூக்ளினில் சில காவல் நிலையங்களின் பேச்சு ஊர்க் காதுக்கு எட்டாமல் போயிற்று. அதுவரை அந்த நகரத்தில் யார் வேண்டுமானாலும் ஸ்கேனர் என்கிற கையடக்க வானொலியை வாங்கி, ரோந்து வண்டியும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வதைக் கேட்க முடிந்தது. எந்தத் தெருமுனையில் துப்பாக்கிச் சத்தம், எந்த மாடியில் புகை, எந்த ரயில் நிலையத்தில் ஆள் விழுந்து கிடக்கிறார் என்பதெல்லாம் காவலருக்குச் சொல்லப்படும் அதே நொடியில் செய்தியாளருக்கும், தன்னார்வ ஆம்புலன்ஸ்காரருக்கும், தூக்கம் வராத பெரியவருக்கும் தெரிந்துவிடும். சுமார் 39 கோடி டாலர் செலவில் காவல் துறை டிஜிட்டல் கருவிகளுக்கு மாறத் தொடங்கியது. மாறிய கையோடு பேச்சைக் குறியாக்கம் செய்து பூட்டவும் தொடங்கியது. பூட்டிய அலைவரிசைகளில் பழைய பெட்டிக்குக் கிடைப்பது இரைச்சல் மட்டும்.

நம் ஊர் வாசகருக்கு இதில் முதலில் தோன்றுவது வியப்பாகத்தான் இருக்கும். போலீஸ் மைக்கில் பேசுவதைப் பொதுமக்கள் கேட்பதா? தேர்த் திருவிழாவில் பக்கத்தில் நிற்கும் எஸ்.ஐ.யின் தோளில் தொங்கும் வாக்கி-டாக்கி கரகரப்பதைத் தாண்டி அந்த உலகத்தோடு நமக்குத் தொடர்பு கிடையாது. அமெரிக்காவிலோ தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது சாதாரணம். அது மெல்ல மெல்ல முடிவுக்கு வருகிறது. வாஷிங்டன் நகரம் 2011-லேயே பூட்டிவிட்டது. டென்வர் 2019-ல் பூட்டியது. சிகாகோ 2022-ல் பூட்டி, அரை மணி நேரம் தாமதமாகக் கேட்கும் வசதியை மட்டும் விட்டுவைத்தது.

இதை ஒரு பொழுதுபோக்கின் சாவு என்று எடுத்துக்கொண்டால் இத்தனை பத்திகள் எழுத வேண்டியதில்லை. நேரலையாகக் கேட்கும் உரிமை போவதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. போவது வேறொன்று. காவல் துறை அந்த நேரத்தில் என்ன சொன்னது, என்ன கேட்டது என்பதன் ஒரு பிரதி, இத்தனை காலமும் காவல் துறையின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அப்படி இருக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. தொழில்நுட்பத்தின் தற்செயலால் அமைந்தது அது.

தற்செயல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் டெட்ராய்ட். 1920-களில் கார்கள் பெருகிய நகரம். திருடர்களும் காரில் ஓடினார்கள். ரோந்து வண்டியில் வானொலிப் பெட்டி வைக்கலாம் என்று அந்த நகரக் காவல் துறை பல ஆண்டுகள் முட்டி மோதியது. காவல் பணிக்கென்று தனி அலைவரிசை அப்போது கிடையாது. கிடைத்த உரிமம் பொழுதுபோக்கு நிலையத்துக்கானது. ஆகவே இடையிடையே இசையை ஒலிபரப்பிக்கொண்டே திருட்டு வண்டியின் எண்ணையும் சொல்ல வேண்டிய நிலை. காவல் ஆணையர் வில்லியம் ரட்லெஜ், குற்றவாளியைப் பிடிக்க ஆள் அனுப்புவதற்கு முன்னால் வயலின் கச்சேரி வைக்க வேண்டுமா என்று அதிகாரிகளிடம் சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1928 ஏப்ரலில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. அதுவும் ஒருவழிதான்: நிலையம் பேசும், வண்டி கேட்கும், பதில் சொல்ல வேண்டுமானால் காவலர் இறங்கிப் போய்த் தொலைபேசியைத் தேட வேண்டும். வண்டியிலிருந்து திரும்பப் பேசும் வசதி 1933-ல் நியூஜெர்சியின் பேயோன் நகரத்தில் வந்தது.

அந்தக் காலத்துக் காவல் அலைவரிசைகள் சாதாரண மத்திய அலை நிலையங்களுக்குச் சற்று மேலே இருந்தன. கூடத்தில் இருக்கும் வானொலியின் முள்ளை ஓரத்துக்குத் திருப்பினால் போதும். 1930-களில் வந்த பல பெட்டிகளின் முகப்பிலேயே ‘போலீஸ்’ என்று அச்சிட்டு விற்றார்கள். நியூயார்க்கின் தெருப் புகைப்படக்காரர் வீஜி (சொந்தப் பெயர் ஆர்தர் ஃபெலிக்) 1938-ல் அனுமதி வாங்கித் தன் காரிலேயே போலீஸ் வானொலியைப் பொருத்திக்கொண்டார். காவலர் வந்து சேரும்போது அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார். கொலை, தீ, கைது, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் முகங்கள் என்று அவர் எடுத்த படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கரகரப்புத்தான்.

அலைவரிசையைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் வேலை எதுவும் தேவைப்பட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காவல் துறையே ஆனாலும் அலைவரிசைக்கு மத்திய தகவல்தொடர்பு ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமம் பொது ஆவணம். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் எண் வந்துவிடும். 1964 முதல் 2005 வரை ‘போலீஸ் கால்’ என்ற கையேடு ஊர்வாரியாக அலைவரிசைகளைத் தொகுத்து அச்சிட்டு வந்தது. ரேடியோ ஷாக் கடைகளில் ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். 1970-களின் ஸ்கேனர்களில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகத்தைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். எட்டு அலைவரிசை கேட்க எட்டுப் படிகம். பெட்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும், பேச்சு கிடைத்த இடத்தில் நிற்கும், முடிந்ததும் மறுபடி நகரும். 150 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு தொகுதி, 450-ஐ ஒட்டி ஒரு தொகுதி, பிற்பாடு 800-ஐ ஒட்டி ஒரு தொகுதி. இவற்றைத் துழாவத் தெரிந்தவருக்கு ஊரின் இரவு முழுக்கத் திறந்து கிடந்தது.

பிறகு ட்ரங்க்கிங் வந்தது. துறைக்கு ஓர் அலைவரிசை என்று ஒதுக்கினால் பாதி நேரம் அது சும்மா கிடக்கும் என்பதால், எல்லா அலைவரிசைகளையும் பொதுவில் போட்டு, பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் காலியாக இருப்பதைக் கணினி ஒதுக்கித் தரும் ஏற்பாடு. வங்கியில் டோக்கன் எண்ணுக்கு எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே போவது மாதிரி. கேள்வி ஓர் அலைவரிசையில் ஒலிக்கும், பதில் இன்னொன்றில். பழைய ஸ்கேனர் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் துண்டு துண்டாகக் கேட்டது. அந்த ஒதுக்கீட்டு உத்தரவுகளைச் சுமந்துவரும் கட்டுப்பாட்டு அலைவரிசையையே படித்து, ஒரு பேச்சுக்குழுவை விடாமல் பின்தொடரும் ஸ்கேனரை 1997-ல் யூனிடென் நிறுவனம் கொண்டுவந்தது. பேச்சே டிஜிட்டலாக மாறியபோது டிஜிட்டல் ஸ்கேனர் வந்தது. 2010-ல் வந்த ஒரு மாதிரியில் அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தட்டினால் போதும், அந்தப் பகுதியின் காவல், தீயணைப்பு அலைவரிசைகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். 2012 வாக்கில், கணினியில் தொலைக்காட்சி பார்க்கச் செய்த இருபது டாலர் யு.எஸ்.பி. குச்சியை மென்பொருளால் வானொலியாக மாற்றலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். பூட்டு மாற மாறச் சாவியும் மாறிவந்தது. குறியாக்கம் மட்டும் அந்த வரிசையில் சேராது. 256 பிட் சாவி போட்டுப் பூட்டிய பேச்சை எந்த ஸ்கேனரும் திறக்காது. திறக்க முயல்வது சட்டப்படியும் குற்றம்.

சட்டம் என்ன சொன்னது? 1934-ன் தகவல்தொடர்புச் சட்டம் காதில் விழுவதைக் குற்றமாக்கவில்லை. கேட்டதை வெளியிடுவதையும், அதை வைத்துத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்வதையும்தான் தடுத்தது. 1986-ன் சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பூட்டாமல் ஒலிக்கும் காவல், தீயணைப்புப் பேச்சைக் கேட்கலாம், கைப்பேசி உரையாடலைக் கேட்கக் கூடாது. அந்தப் பிரிவினையின் காரணத்தைப் பத்தாண்டு கழித்து நாடே பார்த்தது. 1996 டிசம்பரில் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நியூட் கிங்ரிச் தன் கட்சிக்காரர்களுடன் பேசிய கூட்டு அழைப்பை, ஃப்ளோரிடாவில் ஒரு தம்பதி ஸ்கேனரில் கேட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். அழைப்பில் இருந்த ஒருவர் காரில் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்ததே காரணம். தம்பதிக்கு அபராதம் விழுந்தது. விவகாரம் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தது. நியூயார்க், ஃப்ளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் வீட்டில் கேட்கலாம், காரில் ஸ்கேனர் வைக்கத்தான் கட்டுப்பாடு. திருடன் காரில்தான் ஓடுவான் என்ற டெட்ராய்ட் கவலையின் மிச்சம்.

கேட்பதால் என்ன பயன், என்ன கேடு என்று பார்க்க 2013-ன் இரண்டு சம்பவங்கள் போதும். இரண்டுக்கும் இடையே இரண்டே மாதம்.

முதலாவது பிப்ரவரியில், கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலைப்பகுதியில். லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையிலிருந்து நீக்கப்பட்ட கிறிஸ்டோஃபர் டோர்னர் மூன்று பேரைக் கொன்றுவிட்டு ஒரு மரவீட்டில் பதுங்கியிருந்தார். சுற்றி வளைத்த சான் பெர்னார்டினோ மாவட்டக் காவலர்களின் வானொலிப் பேச்சை நாடு முழுவதும் பலர் இணையம் வழியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பவத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதுவதை நிறுத்துங்கள் என்று அதிகாரிகள் ஊடகங்களிடம் வேண்டினார்கள். மாலையில் ‘பர்னர்’ என்ற சொல் பேச்சில் வந்தது. ஏழு பர்னர்கள் உள்ளே போயின, தீப்பிடித்திருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. வெப்பத்தால் புகை கிளப்பும், எளிதில் தீ மூட்டக்கூடிய கண்ணீர்ப்புகைக் குண்டுகளுக்குக் காவலர்கள் வைத்த பெயர் அது. வீடு எரிந்து சாம்பலானது. டோர்னர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை கூறியது. மறுநாள் ஷெரிஃப் ஜான் மக்மேஹன், வீட்டை எரிக்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, ‘பர்னர்’ என்றால் என்ன என்று அவர் விளக்க வேண்டி வந்ததே, அது முகம் தெரியாத யாரோ சிலர் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான். செய்திக்குறிப்பை மட்டும் நம்பியிருந்தால் ‘கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, பின்னர் தீ ஏற்பட்டது’ என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

இரண்டாவது ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. இங்கே கேட்பவர்கள் தலைகுனிய வேண்டிய கதை. 18-ஆம் தேதி இரவு தேடுதல் வேட்டை தொடங்கியபோது பல்லாயிரம் பேர் பாஸ்டன் காவல் அலைவரிசையில் இருந்தார்கள். எந்த வீட்டைச் சோதிக்கிறார்கள் என்பது அப்படியே ட்விட்டரில் ஓடியது. காவலர் உயிருக்கு ஆபத்து, சோதனையிடும் வீடுகளைச் சொல்லாதீர்கள் என்று பாஸ்டன் காவல் துறையே ட்விட்டரில் எச்சரிக்க வேண்டியதாயிற்று. அதைவிடக் கொடியது நள்ளிரவுக்குப் பின் நடந்தது. சந்தேக நபர்கள் என்று இரண்டு பெயர்களைக் காவலர்கள் மைக்கில் சொன்னதாக ஒரு பதிவு பரவியது. அதில் ஒன்று, ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவரின் பெயர். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்தை விடிவதற்குள் ஊரே பயங்கரவாதியின் குடும்பமாக்கிவிட்டது. சில நாள் கழித்து அந்தப் பிள்ளையின் உடல் ஆற்றில் கிடைத்தது.

ஸ்கேனருக்கு எதிரான வாதங்களில் இதைவிட வலுவானது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிறகு ‘தி அட்லாண்டிக்’ இதழ் அந்த இரவின் பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தது. இரண்டு பெயர்களில் ஒன்று வேறொரு சந்தர்ப்பத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. மாணவரின் பெயர் பதிவில் எங்குமே இல்லை. காவலர்கள் அதை உச்சரிக்கவே இல்லை. யாரோ கிளப்பிய வதந்திக்கு ‘மைக்கில் கேட்டேன்’ என்பது முத்திரையாகிவிட்டிருந்தது. வதந்தியைப் பரப்பியது நேரலையின் பரபரப்பு. அதைப் பொய் என்று நிறுவியது ஒலிப்பதிவின் பிரதி. அவசரமாகக் கேட்பதையும் ஆற அமரக் கேட்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் அமெரிக்காவில் இரு தரப்பும் வாதாடுகின்றன என்று எனக்குப் படுகிறது.

காவல் துறையின் தரப்பையும் நியாயமாகப் பார்ப்போம். குற்றவாளிகளும் கேட்கிறார்கள் என்பது பழைய புகார், பொய்யும் அல்ல. 2020 மே மாதப் போராட்டங்களின்போது சிகாகோ காவல் அலைவரிசைக்குள் வெளியாட்கள் புகுந்து பாட்டுப் போட்டுத் தொந்தரவு செய்தார்கள். எனக்கு இவற்றைவிடக் கனமாகத் தெரிவது வேறொரு காரணம். கணவனிடம் அடிவாங்கி உதவிக்கு அழைத்த பெண்ணின் வீட்டு எண், தற்கொலைக்கு முயன்ற பையனின் பெயர், வண்டியை நிறுத்திச் சோதித்த ஒருவரின் ஓட்டுநர் உரிம எண், பிறந்த தேதி, பழைய வழக்குகள் எல்லாம் திறந்த அலைவரிசையில் ஒலிபரப்பாவது அநியாயம். அவர்கள் காவல் துறையை அழைத்தார்கள், ஊரை அழைக்கவில்லை. சிலர் காசுக்காகவும் கேட்கிறார்கள். காவல் வானொலியைக் கேட்டு அக்கம்பக்கத்து அபாயங்களைக் கைப்பேசிக்கு அனுப்பும் ‘சிட்டிசன்’ என்ற செயலி, 2021 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீ ஒன்றுக்குக் காரணம் என்று ஒருவரின் படத்தைப் போட்டு, பிடித்துக் கொடுப்பவருக்கு 30,000 டாலர் என்று அறிவித்தது. அவர் அந்த ஆள் இல்லை.

இந்தக் கவலைகளுக்கெல்லாம் முழுப் பூட்டுதான் மருந்தா? 2020 அக்டோபரில் கலிஃபோர்னியா நீதித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தனிநபர் விவரங்கள் வானொலியில் வெளியே போகக் கூடாது. அதற்கு ஒன்று குறியாக்கம் செய்யுங்கள், அல்லது அத்தகைய விவரங்களை வானொலியில் சொல்லாதபடி நடைமுறை வகுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வழிகளைக் காட்டியது. பல ஊர்கள் முதல் வழியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டின. பாலோ ஆல்டோ நகரம் 2021 ஜனவரியில் பூட்டியது. ஊர்ப் பத்திரிகைகளும் நகரவையும் கேள்வி எழுப்பின. புதிய காவல் தலைவர் வந்தார். 2022 செப்டம்பரில் அதே நகரம் பூட்டைத் திறந்தது. ஓட்டுநர் உரிம விவரம் வேண்டுமா, வண்டியில் இருக்கும் கணினியில் பார், அல்லது தொலைபேசியில் கேள் என்று காவலர்களுக்குச் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். மாநிலம் முழுக்க ஓடும் கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படையும் இரண்டாவது வழியில்தான் போகிறது. ஒருவரின் எல்லா விவரங்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லாமல் பிரித்துச் சொல்லும் பழக்கம். செலவு சொற்பம். ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும், கண்காணிக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பூட்டுவது எளிது.

எளிது என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாட் பிளேஸ் குழு, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்புகளின் குறியாக்க வானொலிகளைப் பல நகரங்களில் இரண்டு ஆண்டுகள் கேட்டுப் பார்த்து 2011-ல் கட்டுரை வெளியிட்டது. பூட்டியிருக்க வேண்டிய ரகசியப் பேச்சு, நகரத்துக்கு ஒரு நாளில் சராசரியாக இருபது நிமிடத்துக்கு மேல் பூட்டாமலே போய்க்கொண்டிருந்தது. பூட்டும் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடக் கருவியைப் பார்த்துச் சரியாகச் சொல்ல முடியாத வடிவமைப்பு. சாவிகளை அடிக்கடி மாற்றும் விதியால், புதுச் சாவி ஏறாத ஒருவர் இருந்தாலும் மொத்தக் குழுவும் திறந்த பேச்சுக்கு இறங்க வேண்டிய கட்டாயம். குழந்தைகள் குறுஞ்செய்தி அனுப்பி விளையாடும் ஒரு மலிவு விலைப் பொம்மையைச் சற்று மாற்றி, இந்த வானொலிகளைத் திக்குமுக்காட வைக்கலாம் என்றும் காட்டினார்கள். ஐரோப்பாவில் காவல் துறைகள் பயன்படுத்தும் டெட்ரா என்ற முறையின் குறியாக்கக் கணக்குகள் கால் நூற்றாண்டாக ரகசியமாகக் காக்கப்பட்டன. 2023-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் ஒரு வகைக் கணக்கு 80 பிட் என்று சொல்லிக்கொண்டு உள்ளே 32 பிட் பலத்தோடுதான் வேலை செய்தது. அதை உடைக்கச் சாதாரணக் கணினி போதும். யாரும் எட்டிப் பார்க்காத பெட்டிக்குள் ஓட்டை இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

இன்னொன்று. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் மேலே பறந்த காவல் துறை ஹெலிகாப்டர் கண்டதைக் கீழே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களால் கேட்க முடியவில்லை. இரண்டு துறைகளின் வானொலிகளும் ஒன்றோடொன்று பேசவில்லை. எல்லாத் துறைகளும் ஒரே டிஜிட்டல் தரத்துக்கு மாற வேண்டும் என்று அதன்பின் மத்திய அரசின் பணம் கொட்டியதே அந்த அனுபவத்தால்தான். அப்படி வாங்கிய கருவிகளில் ஊருக்கு ஒரு சாவி போட்டுப் பூட்டிக்கொண்டால், பக்கத்து ஊர்க்காரர் உதவிக்கு ஓடிவரும் நாளில் பழைய சிக்கல் புது உருவில் வந்து நிற்கும்.

என் கணக்கு இப்படி. கமாண்டோக்கள் வீட்டைச் சுற்றி வளைக்கும் பேச்சு பூட்டியே இருக்கட்டும். தனிநபர் விவரம் வேறு வழியில் போகட்டும். வண்டிகளை அனுப்பும் அன்றாட அலைவரிசையில் சிகாகோ மாதிரி அரை மணித் தாமதம் வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாஸ்டன் இரவை நினைத்தால் அந்தத் தாமதமே நல்லது. நேரத்தோடு ஓட வேண்டிய செய்தியாளர்களும் தன்னார்வ ஆம்புலன்ஸ்காரர்களும் இதை ஒப்ப மாட்டார்கள், அவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். டென்வர் ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது, அதன் நிபந்தனைகளை ஊடகங்கள் ஏற்கவில்லை. கொலராடோ மாநிலம் 2021-ல், பூட்டும் காவல் துறைகள் ஊடகங்களுக்கு அணுகல் தரும் கொள்கையை வகுக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. கொள்கையை வகுப்பது அதே காவல் துறை என்பதுதான் அதிலுள்ள பலவீனம். நான் விட்டுக்கொடுக்காத ஒரே புள்ளி, பதிவு. தாமதித்த ஒலியை யார் வெளியிடுகிறார், அதில் எதையாவது வெட்ட முடியுமா, வெட்டினால் யாருக்குத் தெரியும்? ஸ்கேனர் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆயிரம் பேர் கேட்டார்கள், பத்துப் பேர் பதிவு செய்தார்கள், எவரிடமும் போய் அழிக்கச் சொல்ல முடியாது. அந்த நிலையைக் குறியாக்கம் ஒரே இரவில் தலைகீழாக்குகிறது. இவ்வளவு பெரிய மாற்றம் பல நகரங்களில் கருவி கொள்முதலின் ஓர் உபவிளைவாக நடந்துவிட்டது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தியாவில் கதவு திறந்திருந்ததே இல்லை. உரிமம் இல்லாமல் வானொலிக் கருவியை இயக்குவதை 1885-ன் தந்திச் சட்டமும், வைத்திருப்பதையே 1933-ன் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் குற்றமாக்கின. பாட்டுக் கேட்கும் பெட்டிக்கே 1980-களின் நடுப்பகுதி வரை அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தச் சட்டங்களின் இடத்துக்கு 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. குடிமகனின் பேச்சை அரசு எப்போது இடைமறித்துக் கேட்கலாம் என்று அதில் விரிவாக இருக்கிறது. எதிர்த்திசையில் ஒன்றும் இல்லை. தேர்வெழுதி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கும் அவர்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகள் மட்டும்தான். ஆகவே ஸ்கேனர் வாங்கி அலைவரிசை தேடும் ஆசை யாருக்காவது இருந்தால், இங்கே அது வழக்கில் கொண்டுபோய் விடும். மாவட்டச் செய்தியாளருக்கு இன்று காவல் துறையின் செய்தி என்றால் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் குறிப்புத்தான். நேரம், இடம், நடந்தது எல்லாம் துறையின் சொற்களில்.

அமெரிக்கா இப்போது வந்து சேரும் இடத்தில் நாம் எப்போதும் இருந்திருக்கிறோம் என்பதால், பிரதி ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் சித்திரவதைக்குள்ளாகி இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித் துறை நடுவர் சிசிடிவி பதிவைத் தேடினார். நிலையத்தில் கேமரா இருந்தது. வன்தட்டில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியையும் பதிவு செய்யும் கேமராக்கள் வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், கருவிக்கு அந்தத் திறன் இல்லாவிட்டாலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. நிலையத்துக்குள் நடப்பதற்குக் கேமரா; எழுதி முடித்த வழக்குக்கு இணையதளம். துப்பாக்கிச் சூடோ தடியடியோ நடக்கும் தெருவில் யார், எந்த நிமிடத்தில், என்ன உத்தரவிட்டார் என்பது மைக்கில்தான் ஓடுகிறது. விசாரணை ஆணையங்கள் மாதக்கணக்கில் சாட்சி கேட்டுத் தேடுவதில் பாதி, அந்தச் சில நிமிடங்களின் பேச்சு. நேரலையாகக் கேட்கும் உரிமையை இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் ஒலிப்பதிவுக்கும் அந்த 18 மாத விதியை நீட்டுவது, பொதுமக்கள் இறந்த அல்லது படுகாயமடைந்த நிகழ்ச்சி என்றால் அன்றைய பதிவின் ஒரு பிரதியை 48 மணி நேரத்துக்குள் மாவட்ட முதன்மை நீதிபதியின் பொறுப்பில் ஒப்படைப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது கேட்டால் விசாரணைக்கு இடையூறு என்று சொல்ல இடம்தரும் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மொத்தமாக மறுக்காமல் தனிநபர் விவரங்களை மட்டும் நீக்கிக் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. முதல் இரண்டுக்கும் உள்துறையின் ஓர் அரசாணையே போதும்.